சக்கரத்தடியில் ஒரு டயபர்

"சாவியைத் தொலைச்சவ நான் இல்லை. அதை யாராவது ஒருத்தர் நம்பினாப் போதும்."

டீச்சர் இதைக் கெஞ்சலாகச் சொல்லவில்லை. மேஜையைக் குத்துகிற தினுசில் சொன்னாள். கையாலேயே குத்தியும் இருப்பாள். ஆனால் வலது கை விரல்வரை கட்டுப் போட்டிருந்தது.

கண்ணாடியம்மாவுக்கு அந்தக் கோபம் பிடித்திருந்தது. தையற்கடை மாடியிலிருக்கும் இந்த ஒற்றை அறைக்குத் துப்புத் தேடி வருகிறவர்களில் பாதிப் பேர் அழுவார்கள், மீதிப் பேர் பொய் சொல்வார்கள். எரிந்து விழுகிறவர்கள் அபூர்வம். மூக்கில் ஒரு கண்ணாடி, நெற்றிக்கு மேல் இன்னொன்று என்று எப்போதும் இரண்டு வைத்திருப்பதால் வந்த பெயர்தான் கண்ணாடியம்மா. காப்பீட்டுக் கம்பெனியில் காலமெல்லாம் அடுத்தவர் சாக்குப்போக்குகளைப் படித்தே ஓய்வு பெற்றவள்.

"முதல்லேருந்து சொல்லுங்க. நிதானமா," என்றாள்.

"நிதானமெல்லாம் என்கிட்ட இப்ப இல்லை," என்றாள் டீச்சர். ஆனாலும் சொன்னாள்.

அவளும் கணவனும் முக்குளிக்கிறவர்கள். படகெல்லாம் கிடையாது. கடற்கரையில் காரை நிறுத்துவார்கள், முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டுவார்கள், கரையிலிருந்தே நடந்து தண்ணீருக்குள் இறங்கிவிடுவார்கள். அன்று பள்ளிக்கு விடுமுறை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் கணவனுக்கும் ஓய்வு. ஆழத்தில் அவனுடைய காற்றுக்குழாய் கசிந்தது. பதறிப்போய் விருட்டென்று மேலே வந்துவிட்டான். அப்படி வரவே கூடாது. ரத்தத்தில் குமிழி தட்டும். மணலில் கால் வைத்ததும் கால் இல்லாதவன் போலச் சரிந்தான்.

அந்த நிமிஷம் அவனுக்கு வேண்டியது ஆக்சிஜன். ஆக்சிஜன் காருக்குள் இருந்தது. காருக்குள்ளும் சும்மா இல்லை, ஓர் இரும்புப் பெட்டியில் பூட்டியிருந்தது. ஏற்கெனவே ஒரு தடவை யாரோ திருடிப் போனதால் போட்ட பூட்டு. காரின் சாவி, பெட்டியின் சாவி எல்லாம் ஒரே கொத்தில். கொத்து வைத்த இடத்தில் இல்லை.

"கல்லை எடுத்துக் கண்ணாடியை உடைச்சேன். கை போச்சு. பெட்டியை உடைக்க முடியலை. ஃபோன் உள்ளதான் இருந்துது, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அது வர்றவரைக்கும் அவர் காலைத் தேய்ச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

ஆம்புலன்ஸ் போனபிறகு ஒரு போலீஸ்காரர் காரைச் சுற்றி வந்தாராம். அவள் சொல்லியிருந்த அடையாளப்படி முன்சக்கரத்தடியில் குனிந்தாராம். அங்கேயே இருந்ததாம் கொத்து. அவ்வளவுதான், குடும்பம் அவள்மேல் பாய்ந்துவிட்டது. கண்ணெதிரே இருந்த சாவியைத் தேடத் தெரியாமல் புருஷனின் காலைப் பறித்தவள் என்று மாமியார் ஆஸ்பத்திரி வாசலிலேயே கரித்துக் கொட்டினாள். கொழுந்தன் ஒரு படி மேலே போய், அண்ணிக்குப் பதற்றம் வந்தால் மூளை வேலை செய்யாது என்று டாக்டரிடமே சொன்னான். அதையெல்லாம் அவள் தாங்கிக்கொண்டாள்.

"நாளைக்குக் காலையில அவரை வேற ஊர் ஆஸ்பத்திரிக்கு மாத்தறாங்க. கால் வரும்னுதான் சொல்றாங்க, ஆனா மாசக்கணக்காகும். கூட யார் வர்றதுன்னு அவர்கிட்டயே கேட்டாங்க." டீச்சர் குரல் அங்கே மட்டும் கொஞ்சம் சறுக்கியது. "அம்மான்னு சொல்லிட்டாரு. என்னை உள்ளே விட வேணாம்னுட்டாரு."

அறையின் மூலையிலிருந்து ஒரு குரல் கேட்டது. "சக்கரத்தடியிலயா சாவியை வெச்சீங்க? ஒரு தட்டுல வெச்சுப் பூவும் போட்டிருக்கலாமே."

கண்ணாடியம்மாவின் உதவியாளன். காதோரம் ஓயாமல் ரீங்காரம் போடுவதால் கொசு. வீட்டில் இரட்டைக் கைக்குழந்தைகள். தூங்கிப் பல மாதமான கண்கள்.

டீச்சர் அவனை ஒரு பார்வை பார்த்தாள். வகுப்பில் பின்பெஞ்சுக்குப் போகிற பார்வை. "சும்மா வைக்கலை. டயபருக்குள்ள வெச்சேன்."

கொசு வாயை மூடிக்கொண்டான். அது அடிக்கடி நடக்கிற விஷயமல்ல.

இந்தக் காலத்துக் கார் சாவி கடலுக்குள் வராது, உப்புத் தண்ணீர் பட்டால் செத்துவிடும் என்று டீச்சர் விளக்கினாள். கரையில்தான் ஒளிக்க வேண்டும். பம்பருக்கு அடியில், டயர்மேல், கல்லுக்குக் கீழே என்று முக்குளிக்கிறவர்கள் ஒளிக்கும் இடமெல்லாம் திருடர்களுக்கு மனப்பாடம். அதனால் முக்குளிப்புச் சாமான் கடைக்காரர் ஒரு வித்தை சொல்லிக் கொடுத்திருந்தார். ஒரு டயபரில் சாக்லேட்டைக் குழைத்துப் பூசு. நடுவில் சாவியை வை. மடித்துச் சக்கரத்தடியில் போடு. எந்தத் திருடனும் காலால்கூடத் தொடமாட்டான்.

"டயபர் எங்க வாங்குவீங்க?"

"கொழுந்தன் வீட்ல குழந்தை இருக்கு. கீழ் வீடுதான். அவங்க பாக்கெட்லேருந்து ஒண்ணு வாங்கிப்பேன்." டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "எங்களுக்குக் குழந்தை இல்லை. கடையில போய்க் கேட்டா எத்தனை மாசம்னு கேப்பாங்க."

கொசு எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தான். கண்ணாடியம்மா அதை அவன் கணக்கில் நல்லதாக எழுதிக்கொண்டாள்.

ஸ்டேஷனில் சாவிக்கொத்தைத் தனியாகவும், அதைச் சுற்றியிருந்ததைத் தனியாக ஒரு பிளாஸ்டிக் கவரிலும் போட்டுக் கொடுத்திருந்தார்கள். டீச்சர் கவரைத் திறக்கவேயில்லை. பையோடு கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். கொடுத்த போலீஸ்காரர் ஏன் மூக்கைப் பிடித்துக்கொண்டு கொடுத்தார் என்றுதான் அவளுக்குப் புரியவில்லையாம். அவ்வளவு தத்ரூபமாகவா பூசியிருந்தேன் என்று நினைத்தாளாம்.

கண்ணாடியம்மா நெற்றிக் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினாள். கவரைக் கொசுவின் பக்கம் தள்ளினாள்.

"ஏன் மேடம், எனக்குன்னு வீட்ல இல்லையா? இங்கயுமா?"

"திறய்யா."

திறந்தான். மூடினான். ஜன்னலருகே போய் நின்று மூச்சு விட்டான். திரும்பி வந்தபோது முகத்தில் கிண்டல் இல்லை.

"டீச்சரம்மா, நீங்க எந்தக் கடை சாக்லேட்டைப் பூசினாலும் இது வராது. இது அசல். பால் மட்டும் குடிக்கிற குழந்தையோடது. சத்தியம் பண்ணுவேன், நான் தினம் இதுலதான் விழிக்கிறேன்."

 கீழே தையல் மெஷின் ஓடி நின்றது.

"நீங்க டயபரை எப்படி மடிச்சீங்க?" என்றாள் கண்ணாடியம்மா.

டீச்சர் இடது கையால் காற்றில் காட்டினாள். புத்தகத்தை மூடுவதுபோல் இரண்டாக. கவருக்குள் இருந்ததோ கட்டை விரல் தடிமனுக்கு இறுக்கிச் சுருட்டி, பக்கவாட்டு ஒட்டுத் துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்று குறுக்காக இழுத்து ஒட்டியிருந்தது. போலீஸ்காரர் ஒரு முனையைக் கிழித்துத்தான் சாவியை எடுத்திருக்கிறார். குறுக்கு ஒட்டு அசையவில்லை.

"அப்போ நான் தேடினப்ப அது அங்க இல்லை," என்றாள் டீச்சர் மெதுவாக. "எவனோ எடுத்துட்டுப் போய், வேற ஒண்ணுல சுத்தித் திரும்ப வெச்சிருக்கான். நான் சரியாத்தான் தேடியிருக்கேன்."

அப்போதுதான் அவள் நாற்காலியில் முதுகைச் சாய்த்தாள். சாய்ந்ததும் அவளுக்கு இன்னும் கோபம் ஏறியதைக் கண்ணாடியம்மா பார்த்தாள். தன்மேல் இருந்த சந்தேகம் விலகினால் அந்த இடத்தில் வந்து உட்காருவது அதுதான்.

முக்குளிப்புச் சாமான் கடையில் காற்று நிரப்பும் மெஷின் காதைப் பிளந்தது. கடைக்காரர் அதை நிறுத்தாமலேயே கத்தினார். வித்தையைச் சொல்லிக் கொடுத்தது நான்தான், அதற்காக என்னைத் தூக்கில் போடுவீர்களா என்றார். அன்று காலை முழுக்க இதே மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததை வாடிக்கையாளர்கள் பார்த்திருக்கிறார்கள். கல்யாணமே ஆகாதவர். குழந்தையைக் கண்டால் நாலடி தள்ளி நிற்கிற ஜாதி என்று கொசு காதோரம் முணுமுணுத்தான்.

வந்தவர்கள் குற்றம் சாட்ட வரவில்லை என்று தெரிந்ததும் கடைக்காரர் மெஷினை நிறுத்தினார்.

"திருடன் எடுத்தா காரோட போயிருப்பான். திரும்பக் கொண்டுவந்து வைக்க அவன் என்ன, லைப்ரரிப் புத்தகமா எடுத்தான்?"

கண்ணாடியம்மாவுக்கு மூக்கு வியர்த்தது. கார் இருந்த இடத்திலேயே இருந்தது. காருக்குள் எதுவும் போகவில்லை. அப்படியானால் எடுத்தவனுக்குக் கார் சாவி வேண்டியிருக்கவில்லை. "கொத்துல வேற என்ன சாவி இருந்துது?" என்று டீச்சருக்கு ஃபோன் போட்டாள். மாடி வீட்டுச் சாவி, பெட்டிச் சாவி, அப்புறம் ஆத்திர அவசரத்துக்கென்று கீழ் வீட்டின் மாற்றுச் சாவி என்று பதில் வந்தது. கீழ் வீட்டுக் கதவு சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் ரகமாம்.

கிளம்பும்போது கடைக்காரர் தன்பாட்டுக்குப் புலம்பினார். அன்று ஆம்புலன்ஸ் கடற்கரைப் பக்கம் போவதைப் பார்த்து மூச்சிரைக்க ஓடினாராம். ஒரு கை கொடுக்கலாம் என்றுதான். "அதுக்குள்ள தம்பிக்காரர் ஸ்ட்ரெச்சரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாரு. நல்ல மனுஷன். அண்ணன்னா உசுரு."

ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்ததும் கண்ணாடியம்மா தீர்ப்பை எழுதிவிட்டாள். குழந்தையின் அம்மா. கொழுந்தன் பெண்டாட்டி. வங்கியில் வேலை. டயபர் சுருட்டுகிற கை, கீழ் வீட்டுச் சாவி தேவைப்பட்ட ஆள், இரண்டும் அவள்தான்.

"அம்மாதான்னு எப்படி மேடம் சொல்றீங்க?" என்றான் கொசு, ஹெல்மெட்டுக்குள்ளிருந்து. "எங்க வீட்ல சுருட்டறது யாருன்னு நினைச்சீங்க?"

"உன் கதை வேற. நீ வண்டியை ஓட்டு."

"என் கதை வேறயாம். என் மூக்குக்குத்தான் தெரியும்."

ஆஸ்பத்திரி மூன்றாம் மாடியில், அறைக் கதவைத் தன் நாற்காலியாலேயே அடைத்து உட்கார்ந்திருந்தாள் மாமியார். டீச்சர் எதிர்ச்சுவரோரம் நின்றிருந்தாள். உட்காரச் சொல்ல ஆளில்லை. உட்காரவும் அவளுக்கு மனமில்லை. கண்ணாடியம்மாவைப் பார்த்ததும் மாமியார், காசு கொடுத்துக் கூட்டி வந்த சாட்சியா என்று கேட்டாள். பெற்ற வயிறு எரிகிறது, பெறாதவளுக்கு எங்கே தெரியும் என்றும் சொன்னாள். பெஞ்சில் குழந்தையோடு உட்கார்ந்திருந்த சின்னவன், டீச்சரின் கொழுந்தன், அம்மா போதும் விடு என்றான். ஆனால் அண்ணியைப் பார்த்துச் சொல்லவில்லை. குழந்தையின் காலுறையைப் பார்த்துச் சொன்னான்.

சின்னவன் பெண்டாட்டி வங்கியிலிருந்து நேராக வந்தவள், கழுத்து அட்டையைக் கூடக் கழற்றவில்லை. கண்ணாடியம்மா அவளைத் தண்ணீர்க் குழாயருகே ஒதுக்கினாள். சுற்றி வளைக்கவில்லை. விபத்து நடந்த காலையில் எங்கே இருந்தாய், சாவி எதற்கு என்று நேராகக் கேட்டாள்.

அவளுக்குக் கோபம் வரவில்லை. குழப்பம்தான் வந்தது. அன்று கவுண்ட்டரில் உட்கார்ந்திருந்தாள். மேனேஜரிலிருந்து காவலாளிவரை சொல்வார்கள். கண்ணாடியம்மா டயபர் பேச்சை எடுத்ததும் அந்த நிலையிலும் பாவம், சிரித்துவிட்டாள்.

"எனக்கு அதை நேரா மாட்டவே வராதுங்க. முன்னுக்குப் பின்னா மாட்டிடுவேன். எல்லாம் அவர்தான். வீட்லயே கம்ப்யூட்டர்ல வேலை, குழந்தையும் அவர் கையிலதான்."

கண்ணாடியம்மாவுக்குக் காது மடல் சூடேறியது. எத்தனை வருஷத்துச் சாக்குப்போக்கு படித்த கண் இது! டயபர் என்றதும் கண்ணை மூடிக்கொண்டு பொம்பளை என்று முடிவு கட்டிவிட்டது. அவள் தன்மேலேயே பல்லைக் கடித்தாள். கொசு பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் அவன் எதுவும் சொல்லாமல் நிற்பதைப் பார்க்க வேண்டி வந்திருக்கும். அது இன்னும் மோசம்.

திரும்பியபோது பெஞ்சில் குழந்தை சிணுங்கியது. சின்னவன் ஒரு துண்டை விரித்தான். குழந்தையைக் கிடத்தினான். ஒரு கையால் இரண்டு காலையும் தூக்கி, மறு கையால் துடைத்து, புதியதை மாட்டி முடிக்கிறவரை குழந்தைக்கு அழக்கூட நேரமில்லை. பழையதைக் கீழிருந்து மேலாக இறுக்கிச் சுருட்டினான். இடது ஒட்டை வலப்பக்கம் இழுத்தான். வலது ஒட்டை அதன்மேல் குறுக்காக இழுத்து அழுத்தினான். பார்க்காமலே செய்தான்.

கொசு அவன் பக்கத்தில் குந்தினான். "சார், கை வச்சா கலை சார். என்னோடது குப்பைக்கூடைக்குப் போறதுக்குள்ள பிரிஞ்சுடும். இந்தக் குறுக்கு ஒட்டு யார் சொல்லிக் குடுத்தா?"

சின்னவன் முகம் மலர்ந்தது. பல நாளாக அவனை யாரும் எதற்கும் மெச்சவில்லை போலிருந்தது.

"நானே கண்டுபிடிச்சேன் சார். எங்க வீட்ல வேற யாருக்கும் வராது. இது பிரியவே பிரியாது."

"பிரியத்தான் இல்லை," என்றாள் கண்ணாடியம்மா.

பிளாஸ்டிக் கவரைப் பெஞ்சில் அவன் சுருட்டியதற்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் போலக் கிடந்தன.

அவன் பார்த்தான். மலர்ந்த முகம் மலர்ந்தபடியே செத்துப்போனது. எங்கள் பாக்கெட்டிலிருந்து அண்ணி வாங்கிப் போனதுதானே என்று ஆரம்பித்தான். வாங்கிப் போனது சுத்தமான டயபர், இது அப்படியில்லை என்றாள் கண்ணாடியம்மா.

"இன்னொண்ணு மட்டும் சொல்லுங்க. உங்க அண்ணி ஆம்புலன்ஸை மட்டும்தான் கூப்பிட்டாங்க. ஆனா ஸ்ட்ரெச்சரைத் தூக்கறப்பவே நீங்க கடற்கரையில நிக்கறீங்க. உங்களுக்கு யார் ஃபோன் பண்ணினது?"

யாரும் பண்ணவில்லை. 

உண்மை வந்தது கொஞ்சம் கொஞ்சமாக, குழந்தையின் தலைக்கு மேலாக. அன்று காலை அடுப்பில் பால்புட்டிகள் கொதித்துக்கொண்டிருந்தன. ஸ்கூட்டரில் மறந்துவிட்ட பையை எடுக்க வாசலுக்குப் போனான். காற்றில் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே அடுப்பு, உள்ளே குழந்தை, வெளியே அவன். ஃபோனும் உள்ளே. கையில் ஸ்கூட்டர் சாவி மட்டும். கடற்கரை பக்கம்தான், டயபர் எங்கே கிடக்கும் என்றும் தெரியும். பறந்தான். மடிப்பைப் பிரித்துப் பார்க்க நேரமில்லாமல் அப்படியே வாரிக்கொண்டு பறந்தான். கதவைத் திறந்தான், அடுப்பை அணைத்தான். அழுது அழுது குழந்தை நனைந்து கிடந்தது. அதை மாற்றிப் பாலும் கொடுத்தான். இனி அவசரமில்லை, அவர்கள் தண்ணீருக்குள்தானே இருப்பார்கள் என்று நினைத்தான். சாவியை எடுக்கிற அவசரத்தில் அண்ணியின் டயபரைக் கிழித்திருந்தான். கைக்கு எட்டியது குழந்தையிடமிருந்து கழற்றிய அழுக்கு டயபர்; அதில் சாவியை வைத்துச் சுருட்டினான். குழந்தையைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுக் கடற்கரைக்குப் போனபோது அண்ணன் மணலில் கிடந்தான். எல்லோரும் ஸ்ட்ரெச்சரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சக்கரத்தடியில் போட்டுவிட்டான்.

"சொல்லணும்னுதான் இருந்தேன். குழந்தையைத் தனியா விட்டுட்டுப் போனேன்னு இவளுக்குத் தெரிஞ்சா..." என்றான் பெண்டாட்டியைப் பார்த்து. அவள் அவனிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். 

மாமியார் எழுந்துவிட்டாள். பச்சைக்குழந்தை உள்ளே மாட்டிக்கொண்டால் யார்தான் என்ன செய்வார்கள், அவன் வேண்டுமென்றா செய்தான் என்று ஆரம்பித்தாள். இவ்வளவு நாள் மருமகள்மேல் கொட்டிய அதே வாய், ஒரே மூச்சில் மகனுக்கு வக்காலத்து வாங்கியது. கண்ணாடியம்மாவுக்குக் கை துறுதுறுத்தது. அவள் வாய் திறப்பதற்குள் டீச்சர் சுவரைவிட்டு நகர்ந்து வந்தாள்.

"அத்தை, நீங்க கொஞ்சம் இருங்க." பிறகு அவனிடம். "தம்பி, அடுப்பு எரிஞ்சுது, குழந்தை உள்ள இருந்துது. நீ எடுத்தது சரி. நானா இருந்தாலும் எடுத்திருப்பேன். அன்னைக்கு ஆம்புலன்ஸ்லயே இதைச் சொல்லியிருந்தா, சரி போடான்னு உன் முதுகைத் தட்டியிருப்பேன்."

அவன் தலையைத் தூக்கினான்.

"ஆனா நீ டாக்டர்கிட்ட போய், எனக்கு மூளை வேலை செய்யாதுன்னு சொன்னே. சாவி இல்லாத இடத்துல ரத்தக் கையோட நான் மண்ணைத் தோண்டினேன்னு தெரிஞ்சும் சொன்னே. நான் இந்தச் சுவரோரம் நின்னதைத் தினம் பார்த்தே. பார்த்துக்கிட்டே குழந்தைக்குக் காலுறை மாட்டினே."

"அண்ணி..."

"உள்ள போ. உங்க அண்ணன்கிட்ட நீயே சொல்லு. என் வாயால சொன்னா அதையும் பதற்றம்னு சொல்வீங்க."

கதவை மறைத்த நாற்காலியை நகர்த்தச் சொல்லி மாமியாரிடம் யாரும் கேட்கவில்லை. அவளே இழுத்து ஓரமாகப் போட்டாள். சின்னவன் உள்ளே போனான். கதவு முழுதாகச் சாத்திக்கொள்ளவில்லை. முதலில் அவன் குரல் கேட்டது.  பிறகு கட்டிலிலிருந்து, கால் வராதவனுக்கு எங்கிருந்து அவ்வளவு சத்தம் வந்ததோ, "எழுந்து வெளிய போடா," என்று வந்தது. அதற்கப்புறம் வேறு தொனியில், அதே குரல் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது.

டீச்சர் உடனே போகவில்லை. மாமியார் காலி நாற்காலியைக் காட்டி, கொஞ்சம் உட்காரும்மா என்று முணுமுணுத்ததையும் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தாள். கட்டுப்போட்ட கையால் வளையத்தைப் பிரிக்க முடியவில்லை. கொசு நீட்டிய கையைத் தள்ளிவிட்டுப் பல்லால் கடித்துப் பிரித்தாள். கீழ் வீட்டின் மாற்றுச் சாவியை மட்டும் உருவி, வெளியே வந்து நின்றவனின் உள்ளங்கையில் வைத்தாள்.

"அடுத்த தடவை கதவு சாத்திக்கிட்டா, பூட்டுக்காரனைக் கூப்பிடு."

உள்ளே போனாள். இந்தத் தடவை கதவு முழுதாகச் சாத்திக்கொண்டது.